அன்னலெட்சுமிக்கு ஐந்து நாள்

மொத்தம் முப்பது புட்டி, நாளைக்கு ஆறு.
முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது வெள்ளி.
பனிக்கட்டிப் பையோடு அலுவலக வாசலுக்கே வந்துவிடும்.
ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு:
'புவான் அன்னலெட்சுமி. திட உணவு கூடாது.'
பெயரிலேயே சோற்றைச் சுமப்பவளுக்கு
இப்படி ஒரு கட்டளை.

செந்தூல் கிளினிக்கில் டாக்டர் சொன்னது வேறு.
மாதம் ஒன்றரை கிலோ போதும்,
சோறு பாதி, கீரை கொஞ்சம் கூட,
சாயங்காலம் தித்திவங்சா ஏரியைச் சுற்றி நடங்கள்,
மெல்லத்தான் குறையும்.
மெல்ல என்ற சொல் அன்று எனக்குப் பிடிக்கவில்லை.
நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் பதினேழு நாள் இருந்தது.
ரவிக்கையின் கடைசிக் கொக்கிக்கும் எனக்கும்
மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

முதல் நாள் பச்சை. செலரி, வெள்ளரி, ஏதோ ஒரு புல்.
இரண்டாம் நாள் மண்டையிடி.
நச்சு வெளியேறுகிறது என்றது கையேடு.
காப்பி வெளியேறிவிட்டது என்றார் குணாளன்,
ரொட்டி சானாயைப் பருப்பில் தோய்த்தபடி.
பிறகு என் புட்டியை விளக்குக்கு நேரே பிடித்து
"சீனி இருபத்தாறு கிராம்" என்று வாசித்தார்.
அவர் சொல்வது சரி என்பதாலேயே
அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் பை கொண்டுவந்த ஃபித்ரி
தலைக்கவசத்தைக் கழற்றாமலே கேட்டான்:
"அக்காவும் புவாசாவா?"
மணி பதினொன்று. தார்ச்சாலை நெளிகிறது.
விடியுமுன் குடித்த தண்ணீரோடு அவன் நிற்கிறான்.
என் கையில் அன்னாசி, கேரட்; பாதி குடித்தது.
"ஒரு மாதிரி" என்றேன்,
துப்பட்டாவுக்குள் புட்டியை இழுத்துக்கொண்டு.

சஷ்டிக்கு இருந்தால் விரதம்.
அவன் இருப்பது நோன்பு.
இல்லாமல் இருந்தால் பட்டினி.
காசு கொடுத்து வாங்கிய இதற்கு என்ன பெயர்?
ராத்திரி படுத்தபடி தேடினேன், அகப்படவில்லை.
தூக்கத்துக்குப் பதில் இன்னொரு கேள்வி வந்தது:
இத்தனை பழத்தின் சக்கை எங்கே?
சாற்றை என்னிடம் விற்றுவிட்டு
வயிற்றை நிறைக்கும் பங்கை
எந்தக் குப்பைத் தொட்டிக்கு ஊட்டினார்கள்?

நான்காம் நாள், மஸ்ஜிட் ஜாமெக் படிக்கட்டு.
கண்ணுக்குள் எறும்பு ஊர்ந்தது.
செந்தூல் ரயிலில் ஏறி, கம்பியைப் பிடித்தேனா,
கம்பி என்னைப் பிடித்ததா தெரியவில்லை.
யாருடைய கைப்பேசியிலோ பாங்கு.
பெட்டி முழுக்கப் பைகள் திறக்கும் சத்தம்.
பக்கத்தில் நின்ற தூடோங் அணிந்த பெண்
என் முகத்தைப் பார்த்தாள்.
ஒன்றும் விசாரிக்கவில்லை.
உள்ளங்கையில் ஒரு பேரீச்சை வைத்தாள்.

நான்கு நாள் வேலையில்லாமல் கிடந்த பற்கள்.
முதலில் அவற்றுக்கு நம்பிக்கை வரவில்லை.
தோல் கிழிந்தது, நார் இழுத்தது,
கொட்டையில் மோதி நின்று, மறுபடி தொடங்கி,
பண்டார் ராயா, பிடபிள்யூடிசி, தித்திவங்சா
வரைக்கும் அந்த ஒற்றைப் பழம்.
நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று
பள்ளியில் ஐம்பது தடவை எழுதியவள் நான்,
அழகான கையெழுத்துக்குப் பேனா வாங்கியவள்.

மெல்லு. மெல்ல. மெலி.
அடுத்தடுத்த வீடுகள்.
நான் மூன்றாம் வீட்டுக்கு
நேரே சுவரேறப் போயிருக்கிறேன்.

எடையைக் கேட்பவர்களுக்கு:
இறங்கியது இரண்டு கிலோ தொள்ளாயிரம்.
கல்யாணத்துக்கு முன்பே
திரும்பி வந்தது இரண்டு கிலோ அறுநூறு,
ஊருக்குப் போய்வந்த சொந்தக்காரர் போல
கூச்சமே இல்லாமல்.
கொக்கியை அரை அங்குலம் நகர்த்தித் தைக்க
பசார் தையல்காரர் வாங்கியது நாலு வெள்ளி.
ஏரியை இப்போது இரண்டு சுற்று நடக்கிறேன்.
மழை வந்தால் ஒன்று.

ஐந்தாம் நாளைச் சொல்ல மறந்தேன்.
ஆறு புட்டியையும் ஃபித்ரியிடமே நீட்டினேன்:
"புக்காவுக்கு வைத்துக்கொள் தம்பி."
சீட்டை வாசித்தான். திட உணவு கூடாது.
தலைக்கவசத்துக்குள் அவன் சிரிப்பு முட்டியது.
"நன்றி அக்கா," என்றான்,
"ஆனால் எனக்குச் சோறு வேண்டும்."