இருபத்தெட்டுப் பேரின் எடை

மணல்மூட்டை ஏற்றிவந்த லாரி
சுலுல்தாவின் கரிசலில் அச்சுவரை இறங்கிவிட்டது.
சோதிக்க வந்தவளுக்கு
மண் பாதிப் பதிலை வழியிலேயே சொல்லிவிட்டது.

குழிக்குள் ஓரடிக்கு ஓரடி இரும்புத் தட்டு.
அதன்மேல் ஒற்றைத் தூண், தூணின்மேல் பலகைமேடை.
மேடைமேல் வைக்க ஒன்றுமில்லை.
செனெபெச் வீட்டுக்காரரைப் பார்த்தாள்:
"ஆட்கள் கிடைப்பார்களா?"

வொர்க்னே தெருமுனையில் நின்று கூப்பிட,
இதிர் சங்கத்தார் வந்தார்கள்,
சாவு விழுந்த வீட்டுக்குக் கூடாரமும் தோளும்
கொண்டுபோகிறவர்கள்.
பாரம் அவர்களுக்குப் புதிதல்ல.

மாவுமில் தராசில் நிறுத்து, நோட்டில் எழுதி,
ஒவ்வொருவராக ஏற்றினாள்.
"காதில் மட்டும் சொல்" என்றாள் யெஷிஹரெக்;
மில்காரன் உரக்கப் படித்துவிட்டான்.

"அசையாதீர்கள். இருமலையும் அடக்குங்கள்."

ஏழு பேருக்கு ஒரு மில்லிமீட்டர்.
பதினாலுக்கு மூன்று.
கசாப்புக்கடை டெர்பே ஏறியபோது
முள் ஏழைத் தொட்டது.
கடைசியாக வொர்க்னே, தன் வீடு நிற்கப்போகும் மண்ணில்
தானே ஒரு மூட்டையாக.

பதினொன்று.
முள் நிற்கவில்லை.
பன்னிரண்டு, பதினான்கு,
மேலே ஒருத்தரும் மூச்சுவிடவில்லை,
மூச்சுக்கும் எடை உண்டென்பதுபோல.
பதினேழில் அவள் கையைத் தூக்கினாள்:
"ஒவ்வொருவராக இறங்குங்கள்."

பிறகு இருபத்தெட்டை மூன்றால் வகுத்தாள்.
"ஏன் மூன்று?"
"ஒரு பங்கு மழைக்கு.
ஒரு பங்கு, நீங்கள் என்னிடம் சொல்லாமல்
பின்னால் எழுப்பப்போகும் மாடிக்கு.
மிச்சத்தில்தான் வீடு."

வொர்க்னே தார்ப்பாயைப் பார்த்தார்.
அதனடியில் மூன்றாம் மாடிக்கு
வாங்கிய கம்பி.

"ஆழம் போனால்?"
"கீழேயும் இதே களிதான். கோடையில் வெடிக்கும்,
மழையில் உப்பும், வீட்டைத் தூக்கிப் பார்க்கும்.
ஒரு மாடியோடு நிறுத்துங்கள். உப்பும் களியை வாரிப்போட்டு
சரளை நிரப்பி, அதன்மேல்..."
கோல் ஒன்றை எடுத்துச் சேற்றில் கோடிழுத்தாள்,
சுவரைப்போல நான்கு மடங்கு.
அகலக்கால் வைக்காதே என்பது
மனிதர்களுக்குச் சொன்னது.
சுவருக்கு அல்ல.

எல்லோரும் இறங்கியபின் முள் திரும்பியது,
ஐந்து மில்லிமீட்டர் மட்டும்.
பன்னிரண்டை மண் வைத்துக்கொண்டது.

டெர்பே குழியை எட்டிப் பார்த்தார்:
"இதில் என் பங்கு எவ்வளவு?"
நோட்டைப் புரட்டி, கழித்துப் பார்த்து,
"ஏறும்போது அரை மில்லிமீட்டர்" என்றாள்.
அவ்வளவுதானா என்று முகம் சுண்டினார்.

வானம் கறுத்தது.
லாரியை இழுக்க
அதே இருபத்தெட்டுப் பேரும் போனார்கள்.