சேர்ந்ததாகவே கொள்ளப்படும்

குழித்துறை கோர்ட்டுக்கு எதிரே
மூன்றாவது டைப்பிங் கடை என்னுடையது.
பாகப்பிரிவினை, ரப்பர் விளைக்கு வழித்தகராறு,
வாரிசுச் சான்றுக்கு அபிடவிட்டு.
இவ்வளவுதான் என் விரல்களுக்குத் தெரிந்த உலகம்.

இனயத்திலிருந்து ஜெபஸ்லி வந்தாள்.
மழைக்கு பிளாஸ்டிக் கவரில் சுற்றிய போன்,
போனுக்குள் இருபத்திரண்டு பக்கம்.
"அக்கா, இதுல என்ன கெடக்குன்னு
ஒண்ணு வாசிச்சுச் சொல்லுவியளா?"

அமெரிக்காவில் ஒரு நீதிமன்றம்
அவள் மாப்பிள்ளை ததேயுஸை
அவன் இல்லாத அறையில் வைத்து
நாட்டைவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறது.
விசாரணைத் தேதி கடிதத்தில் போனது.
கடிதம் சலவைக்கடை மாடிக்குப் போனது,
நாலாம் நம்பர் அறை.
அவனோ அப்போது அடுத்த தெருவில்
ஐந்து பேரோடு ஒரே கட்டிலில்
முறைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.
மாறியதைச் சொன்னேன் என்கிறான்.
சொன்னதற்குத் தாள் இல்லை.

வழக்கைத் திரும்பத் திறங்கள் என்று கேட்டான்.
மாட்டோம் என்றார்கள்.
மேலே கேட்டான்.
மேலேயும் மாட்டோம், அது ஒற்றை வரியில்.
இப்போது மூன்று நீதிபதிகள்
அந்த 'மாட்டோ'மை மட்டும்
மேசையில் எடுத்து வைத்துப் பார்க்கிறார்கள்.

"அவரு ஏன் அங்க போனாருன்னு கேப்பாவளா?"
கேட்கமாட்டார்கள்.
"பிள்ளையளப் பத்தி?"
இல்லை.
மறுத்தவர் சொன்ன காரணம்
காரணம்தானா, வெறும் மனம்போன போக்கா,
அவ்வளவுதான் கேள்வி என்றேன்.
"நல்ல கூத்து.
வெளிய ஆளு நனைஞ்சிட்டு நிக்குது,
அத விட்டுட்டு தாழ்ப்பாளப் பாக்காவளா?"

பையைத் திறந்தாள்.
ஞானஸ்நானச் சான்று, பங்குச்சாமியார் கடிதம்,
மூத்தவளின் ரேங்க் கார்டு,
முனிசிபல் குழாய்போல எல்லாவற்றிலும் ஒழுகிய ஒரு நீல மை.
இனி எதையும் சேர்க்க முடியாது ஜெபஸ்லி,
ஏற்கெனவே கோப்பில் இருப்பது மட்டும்தான்.
சொல்லும்போதே எனக்கு நாக்கு கசந்தது.
ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினாள்,
ரேங்க் கார்டின் மடங்கிய முனையை நிமிர்த்திவிட்டு.

பதினாலாம் பக்கத்தில் ஒரு வரி.
தமிழாக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று:
முறைப்படி அனுப்பிய அறிவிப்பு
சேர்ந்ததாகவே கொள்ளப்படும்.

அவள் சிரித்துவிட்டாள்.
"எங்க வீட்டு நம்பர பஞ்சாயத்து மூணு வாட்டி மாத்தியாச்சு.
போன வருசம் அவரு போட்ட காயிதம்
வெள்ளத்துல நனைஞ்சு, பேரு மட்டும் பாக்கி.
தபால்காரன் குருசடி பக்கம் நின்னு
ரெண்டு ஆளுட்ட கேட்டுட்டு
எனக்க கையில கொண்டு தந்தான்.
சேந்துதுன்னா அதாக்கும் சேந்தது."

பிறகு, டைப் பண்ணுங்க என்றாள்.
யாரும் கேட்காத வாக்குமூலம்.
நானும் பண்ணினேன்.

இனயம், பழைய எண் 4/31, புதிய எண் 7/118,
ததேயுஸ் மனைவி ஜெபஸ்லி ஆகிய நான்
உண்மையாகவும் உறுதியாகவும் கூறுவது என்னவென்றால்,
மேற்படி விசாரணைத் தேதியில்
என் கணவர் என்னோடு போனில் பேசினார்.
அங்கே காலை, இங்கே ராத்திரி.
வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தார்.
நெய்மீன் என்ன விலை என்று கேட்டார்.
இளையவளுக்குப் பல் விழுந்ததைச் சொன்னேன்.
கூரைமேல் எறிந்தாயா என்றார்.
கான்கிரீட் வீடு, எறிந்தால் அங்கேயே கிடக்கும் என்றேன்.
ரொம்ப நேரம் சிரித்தார்.
கோர்ட்டுக்கு ஒளிகிறவன் சிரிப்பு அல்ல அது.

கையெழுத்துப் போட்டாள்,
பேனா தாளைக் கிழிக்கிற அளவு அழுத்தி.
முகவரி யாருக்கு என்று கேட்டேன்.

"அந்தச் சலவைக்கடை மாடிக்கே போடுங்க.
நாலாம் நம்பரு.
அங்க போனாத்தான்
எல்லாம் சேந்ததா எடுத்துக்குவாவளே."

தபால் ஆபீசில் எடைபோட்டு
சின்னதாய் ஒரு ரசீது தந்தார்கள்.
பத்திரமா வை என்றேன்.
போன் கவருக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.