சட்டத்துக்குள்

மரியெட்டாவில், ஓஹையோ ஆற்றுப் பாலம் இறங்குகிற இடத்தில்
படங்களுக்குச் சட்டம் போடும் கடை என்னுடையது.
பட்டச் சான்றிதழ், கல்யாணம், பரிசு வாங்கிய மீன்,
செத்துப்போன நாயின் கழுத்துப்பட்டை,
எல்லாவற்றையும் கண்ணாடிக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை வெர்லின் ஸ்ட்ரவுட் வந்தான்.
பளிங்குக்கல் பதிப்பவன். முழங்கால் இரண்டும் போனவன்.
சட்டைப் பையிலிருந்து எடுத்ததை
இறகு முளைக்காத குஞ்சைப் போல மேசைமேல் வைத்தான்.

காசோலை.
நாற்பத்தோராயிரத்து அறுநூறு டாலர்.
கீழே கேட்வாலடரின் கையெழுத்து:
மலைத்தொடராய் ஏறி இறங்கி
கடைசி எழுத்தில் வாளை உருவிக்கொண்டு நிற்பது.
"அவரே போட்டது, நெட்டி. செயலாளர் இல்லை. அவரே.
பேனாவை மூடுவதற்கு முன்னால் என் தோளில் தட்டினார்."

மேல் விளிம்பில், சிவப்பில்,
வங்கியின் முத்திரை:
கணக்கு மூடப்பட்டது.

அந்த விடுதியின் கூடத்தில்
பதினொரு மாதம் மண்டியிட்டுக் கிடந்தான் வெர்லின்.
மண்டியிடுவது அவன் தொழில்.
எழுந்திருக்கத்தான் பழக்கம் விட்டுப்போனது.
கூட இருந்த இரண்டு பையன்களுக்குக் கூலி கொடுக்க
லாரியை விற்றான்.
ட்வைலா பள்ளிக்கூடச் சமையலறையில்
தட்டுக் கழுவப் போனாள், இன்னும் போகிறாள்.

"அவர் தப்பு இல்லை. கீழே இருக்கிறவர்கள் செய்தது.
அவ்வளவு பெரிய ஆள்
வங்கிக் கணக்கையா பார்த்துக்கொண்டிருப்பார்?"

கையெழுத்து அவருடையது.
கணக்கு கீழே இருக்கிறவர்களுடையது.

"யானைக்கும் அடி சறுக்கும்" என்றான் பிறகு.
சறுக்கிய யானை யார்மேல் விழுந்தது என்று
நான் கேட்கவில்லை.
அவன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை கண்காட்சித் திடலில் கூட்டம்.
கேட்வாலடர் ஆளுநர் பதவிக்கு நிற்கிறார்.
வெர்லின் தொப்பியில் அந்தப் பெயர்;
லாரி இருந்திருந்தால் அதன் பின்கண்ணாடியிலும் இருந்திருக்கும்.
சாரம் சரிந்து செத்த இருவர்,
மூன்று திவால்கள், வாயை மூடக் காசு வாங்கிய பெண்கள்,
எல்லாம் அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.
போன வருஷத்து வெள்ளத்தைச் சொல்வதுபோலச் சொன்னான்:
வந்தது, வடிந்தது.
"ஆனால் பேசும்போது பார், நம்மில் ஒருத்தர் மாதிரி."

கதவு வரை போய்த் திரும்பி வந்தான்.
"இந்தச் சிவப்பு தெரியாமல் செய்ய முடியுமா?"

முழுப் பூசணிக்காயை மறைக்க
ஒரு தட்டுச் சோறாவது வேண்டும் மற்றவர்களுக்கு.
எனக்கு முக்கால் அங்குல அட்டை போதும்.
என்னை உத்தமி என்று நினைக்க வேண்டாம்,
இந்த ஊரில் எத்தனையோ முதல் கணவர்களை
அட்டைக்குக் கீழே அனுப்பியவள் நான்.
சாய்த்துப் பிடித்து, ஒரே வெட்டு.

பளபளக்காத கண்ணாடி இருக்கிறது என்றேன்.
விலையைக் கேட்டுச் சாதாரணமே போதும் என்றான்.
முடிந்ததும் குனிந்து பார்த்தான்.
கையெழுத்தின் மேல் அவன் முகம் விழுந்தது,
நெற்றிக்குக் குறுக்கே அந்த வாள்.
கேட்வாலடர் சட்டத்துக்குள் வந்தது
எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

எண்பத்தாறு டாலர். ரொக்கம்.
எச்சில் தொட்டு எண்ணி வைத்தான்.
ஒரு டாலர் குறைத்துக்கொள்ளச் சொன்னேன், கேட்கவில்லை.
"யாருக்கும் பாக்கி வைத்தால் எனக்குத் தூக்கம் வராது."
பழுப்புத்தாள் பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு
விந்தி விந்திப் பாலம் ஏறினான்.

ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை.
மாட்டப்போவது மேற்குச் சன்னலுக்கு எதிரே என்றான்.
பேனா மை வெயிலுக்குத் தாங்காது.
ஏழெட்டு வருஷத்தில் முதலில் வாள் போகும்,
பிறகு மலைகள்.
அட்டைக்குக் கீழே, வெளிச்சமே படாமல்,
அந்தச் சிவப்பு
இன்று காலை குத்தியதுபோல் இருக்கும்.