குழி மூடுதல்

பெர்மிட் விடிகாலை ஐந்து மணிவரைதான்.
ஓல்டு ஏர்போர்ட் ரோட்டில் ஒரு தடத்தை அடைத்து
குழாய் எங்கே கசிகிறதென்று
தோண்டிக்கொண்டிருந்தோம்.

கருவி கத்தியது.
குழாய் இல்லை; வரைபடத்தில் இல்லாத இரும்பு.
மண்ணை வழித்துப் பார்த்தேன்:
துருவேறிய தகடு, வரிசையாக வட்ட ஓட்டைகள்,
பணியாரச் சட்டியைப் போல.

ஓடுபாதை, என்றார் லியாவ்,
காப்பிப் பையின் கயிற்றை விரலில் சுற்றியபடி.
அந்த அடுக்குமாடி, அந்தச் சாப்பாட்டுக் கடைகள்,
எல்லாமே ஓடுபாதை. அதற்கும் முன்னால் சதுப்பு.
நாலு வருஷமாக டக்கோட்டா நிலையத்தில் இறங்குகிறேன்,
ஏதோ பழத்தின் பெயர் என்றிருந்தேன்.
விமானமாம்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில்
அந்தத் தளத்தின் கூலிப் பட்டியல் கிடைத்தது, நகல்தான்.
ஜனவரி நாற்பத்திரண்டு.
எண் 114, சடையாண்டி. வேலை: குழி மூடுதல்.
பகலில் குண்டு விழும். இரவில் இவர்கள் மூடுவார்கள்.
காலையில் மிச்சமிருக்கும் விமானங்கள் ஏறும்,
இறங்குகையில் இன்னும் குறைந்திருக்கும்.
கையெழுத்துக்குப் பதில் பெருவிரல்.
ரேகைகளுக்குக் குறுக்கே ஒரு வெட்டு,
சாலையில் பள்ளம் எடுத்தாற்போல.

பிப்ரவரியில் பக்கம் பாதியில் நிற்கிறது.
விமானங்கள் சுமத்ராவுக்குப் போய்விட்டன.
எண் 114-ஐ யாரும் ஏற்றிக்கொள்ளவில்லை.

அடுத்த தாள் வேறு எழுத்து, எனக்கு ஒன்றும் புரியவில்லை.
பெருவிரல் புரிந்தது. அதே வெட்டு.
குண்டு போட்டவனுக்கே
அவன் போட்ட குழியை மூடித் தந்திருக்கிறார்.
கூலி வாழைமர நோட்டு.
அதற்கு ஒரு கட்டு மரவள்ளி வரும், முதலில்.
பிறகு அரைக் கட்டு.

அக்டோபர் நாற்பத்தைந்து. மறுபடி ஆங்கிலம்.
எண் 114, சடையாண்டி. குழி மூடுதல்.
பெருவிரல் இருக்கிறது.
வெட்டு இல்லை.

நூலகத்துப் பெண்ணிடம் பூதக்கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தேன்.
இல்லை.
வேறு யாரோ ஒருவன்
அவர் எண்ணைக் கூப்பிட்டபோது குரல் கொடுத்து
அவர் இடத்தில் நின்று
அவர் கூலியை வாங்கியிருக்கிறான்.
தம்பியோ, களவாணியோ,
பாயில் பக்கத்தில் படுத்தவனோ.
விரல் சின்னது. பையன்போல.

இரண்டு மாதத்தில் குழாய்
அதே இடத்தில் மறுபடி கசிந்தது.
இறங்கும் முன் விரல் வைக்கும் இயந்திரம்
என்னை ஏற்கவில்லை. சிமெண்டு தின்ற ரேகை.
துடைத்து, எச்சில் தொட்டு, நான்காம் முறை வைத்தேன்.
பச்சை விளக்கு எரிந்தது.
திரையில் கலியமூர்த்தியின் பெயர்.
அவன் போன மாதமே ஊருக்குப் போய்விட்டான்.
லியாவ் எட்டிப் பார்த்தார்.
பரவாயில்லை, இறங்கு, என்றார்.

நாலே முக்கால்.
தகட்டின் மேல் மண், சரளை, தார்.
உருளையை இரண்டு தடவை ஓட்டினோம்.
கூம்புகளை எடுத்ததும்
முதல் டாக்சி வேகம் குறைக்காமல்
ஏறிப் போனது.