எந்தப் பயிருக்கு?

கடை திறந்ததும் முதல் வேலை
எலி கடித்த மூட்டையைத் தனியே எடுத்து வைப்பது.
எலிப்பசை விற்கிற கடையில்தான்
எலிக்கு இத்தனை தைரியம்.

செங்குன்றம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி
ஆந்திரா லாரிகள் போகிற பக்கம் நாலாவது கட்டடம்.
முன் வரிசை மாடித் தோட்டக்காரர்களுக்கு:
தென்னைநார்க் கட்டி, பச்சை வலை, விலை ஒட்டிய மண்.
மண்ணை நிறுத்து விற்கிறோம் என்று
கொருக்குப்பேட்டையில் நான் யாரிடமும் சொன்னதில்லை.
பின் வரிசையில் தவிடு, புண்ணாக்கு, தாது உப்பு, மூக்கணாங்கயிறு.
மருந்து அலமாரிக்கு மட்டும் பூட்டு.
சாவி என் இடுப்பில்.

பத்து மணி நேரம் நின்றபடி.
சட்டம் வந்த பிறகு ஒரு ஸ்டூல் போட்டார்கள்,
அதில் வேப்பம்புண்ணாக்கு மூட்டை உட்கார்ந்திருக்கிறது.

வயலில் நான் கால் வைத்ததே இல்லை.
பொன்னேரிக் கன்னியப்பன் பாலித்தீன் பையில்
ஒற்றை இலையைக் கொண்டுவந்து
"இன்னாம்மா கீது இதுல?" என்றால்
டப்பாவில் உள்ள படத்தோடு ஒட்டிப் பார்த்து
"இலைச்சுருட்டுப் புழு" என்கிறேன்.
அவர் நம்புகிறார். அதுதான் பயம்.

ட்ரெயினிங்கில் மூன்று கேள்வி கொடுத்தார்கள்.
எந்தப் பயிர், எத்தனை நாள் பயிர், எத்தனை ஏக்கர்.
பதில் வராவிட்டால் சாவியைத் தொடாதே.
காரணம் சொல்லவில்லை.
போன ஐப்பசியில் எங்கள் பில் ஒன்று
போலீஸ் ஸ்டேஷன் மேசைமேல் கிடந்தது.
அதில் என் கையெழுத்து.

நேற்று மூன்றரைக்கு, மழை வருகிற மாதிரி இருட்டிய நேரம்,
ஒரு பையன். இருபது இருக்கலாம்.
மணலிப் பக்கம் ஏதோ குடோன், சட்டையில் எழுதியிருந்தது.
"தவாய்" என்று அலமாரியைக் காட்டினான்.
எந்தப் பயிருக்கு?
சிரித்தான்.
நெல்லா, கத்தரியா?
இரண்டுக்கும் தலையாட்டினான்.
எத்தனை?
விரலைப் பார்த்துப் பார்த்து, பதினொன்று.
பதினொரு ஏக்கர்க்காரன்
செருப்பு வாரில் ஊக்கு குத்தியிருக்க மாட்டான்.

என் கை சாவியை மூடிக்கொண்டது.
மூட்டையைத் தள்ளி ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.
உட்காருப்பா, தண்ணி குடி, ஓனர் வரட்டும்.
வாய் என்னென்னவோ பேசியது,
ஊர் எது, அம்மா இருக்காங்களா, சாப்ட்டியா.
ஒன்றும் புரியாமல் முழு பாட்டிலையும் குடித்துவிட்டு
சட்டையில் இரண்டு பொத்தானைக் கழற்றினான்.
கழுத்திலிருந்து விலா வரை தடிப்பு,
வரிசை தப்பாமல் நட்டு வைத்தது போல.
"கட்மல்" என்றான். "கட்மல், தீதி."
மறுபடி பத்து விரலும் ஒரு விரலும்.
ஒரே ரூம்.

மூட்டைப்பூச்சி!
கேஷில் இருந்த யாஸ்மின் சத்தமாகச் சிரித்தாள்.
நானும் சிரித்தேன், அவனும்.
சிரிப்பு நின்ற பிறகும்
என் முழங்கால் நடுக்கம் நிற்கவில்லை.

வயல் மருந்தை ரூமில் அடித்தால்
பூச்சிக்கு முன்னால் நீங்கள் போய்விடுவீர்கள் என்பதை
எந்தப் பாஷையில் சொல்ல?
கையைக் கன்னத்தில் வைத்துத் தூங்கிக் காட்டினேன்.
பிறகு எழுந்திருக்காமல் காட்டினேன்.
வேப்பெண்ணெய் அரை லிட்டர் எடுத்துக் கொடுத்தேன்.
அதற்குக் கேட்குமா என்று கேட்காதீர்கள்,
எங்கள் வீட்டில் கேட்கவில்லை.
பாயை வெயிலில் போடு என்று சொல்லலாம்தான்.
வானம் மூடிக் கிடந்தது.

பில் போடும்போது கம்ப்யூட்டர் நின்றது.
பயிர் பெயர் போடாமல் நகராது.
நெல், கரும்பு, நிலக்கடலை, மல்லி, சவுக்கு
என்று கீழே கீழே இறங்கினேன்.
கடைசியில் இருந்தது: மற்றவை.
பரப்பளவு கேட்டது.
பத்துக்குப் பத்து என்று போட்டேன்.

அவன் போன பிறகு ஸ்டூல் காலியாக இருந்தது.
உட்கார்ந்தேன். இன்னும் சூடு இருந்தது.
சூப்பர்வைசர் டில்லிபாபு பார்த்தார்,
ஏனோ ஒன்றும் சொல்லவில்லை.
கொஞ்ச நேரத்தில்
முதுகில், கை எட்டாத இடத்தில்
அரிக்க ஆரம்பித்தது.