ஆள் எண்ணிக்கை

டுலூத் துறைமுகத்தில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை.
வெர்னா துவோமினன் புகைபோக்கி துடைத்த கையோடு வந்தாள்.
நீட்டிய உறையின் மேல் அவள் பெருவிரல், கரியில்.

கம்பெனி அவளுடையது, முழுப் பங்கும்.
மாதக் கடைசியில் முதலாளியாகக் கையெழுத்துப் போட்டு
தொழிலாளியாக வாங்கிக்கொள்கிறாள்.
நன்றி சொல்லும் வழக்கம் இருவருக்குமே இல்லை.

"வேலையிழப்புக் காப்புக்கென்று
இந்த மென்பொருள் ஏன் வரி போடுகிறது?
என்னை யார் சீட்டுக் கிழிப்பார்கள்?"

மாநிலமும் அதையேதான் எழுதியிருந்தது, உறைக்குள், இரண்டு பக்கத்தில்.

விகிதத்தைப் பூஜ்யமாக்கினால் போதாது,
ஆளையே விலக்க வேண்டும்.
அந்தக் கட்டம் மூன்றாவது திரையின் அடியில் ஒளிந்திருந்தது.
குறித்தேன்.
கட்டிவிட்ட எண்பத்தாறு டாலர்
கேட்டால் திரும்பி வரும். கேட்க இன்னொரு படிவம்.

பிறகு, சொல்லாமல் விடக்கூடாததைச் சொன்னேன்:
வரியிலிருந்து விலக்கு என்றால்
உதவிப் பணத்திலிருந்தும் விலக்கு.
ஜூலையில் ஒருவரும் அடுப்பு மூட்டாமல்
தொலைபேசி வாரக்கணக்கில் வாய் திறக்காவிட்டாலும்
நீங்கள் வேலையில்லாதவர் அல்ல.

வெர்னா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எதிர்வீட்டுப் புகைபோக்கிக்கு மூடியே இல்லை.
பறவை கூடு கட்டும்."

ஏப்ரல் முப்பதுக்குள் காலாண்டு அறிக்கை போகவேண்டும்.
யாரும் இல்லை என்பதையும் எழுதித்தான் அனுப்ப வேண்டும்.
காப்புக்குட்பட்ட ஆள் எண்ணிக்கை: பூஜ்யம்.

நிமிர்ந்தபோது நாற்காலி காலி.
படிக்கட்டுச் சுவரில் ஏணி இடித்துக்கொண்டு இறங்கியது.
தெருவைக் கடந்து,
அந்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்
ஒற்றை ஆள்.