சிவப்பும் பச்சையும் ஒன்றாக

செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று.
டாக்டர் வீர்ஸ்மா அனுப்பிய படிவம்
வெண்ணெய்த் தட்டுக்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவே.
ஃப்ரீஸ்லாந்தின் மழை ஜன்னலில்
படுக்கைவாட்டில் பெய்துகொண்டிருக்கிறது.

முப்பத்தோரு வருடம் பாலம் திறந்தவள் பௌக்யா.
கால்வாயில் ஒரு படகு வந்தால்
சாலையையே நிறுத்திவைக்கும் உரிமை அவளுக்கு இருந்தது.
மேயரின் கார் நின்றிருக்கிறது.
ஒருமுறை பிரேத ஊர்திகூட.
தூண்டில் கோலில் மரக்காலணியைக் கட்டி
படகுக்காரர்களிடம் சுங்கம் வாங்குவாள்,
சில்லறை தவறி நீரில் விழுந்தால்
மறுபடி கேட்பாள்.

இப்போது சில காலைகளில்
பல் துலக்கும் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு
அது எதன் ஆரம்பம் என்று யோசிக்கிறாள்.

"இன்று தெளிவாக இருக்கிறேன் கோஸே," என்றாள்,
"காற்று திசை மாறுவதற்குள் எழுதிவிடலாம்."

இதயம் நின்றால் மார்பை அழுத்த வேண்டாம்.
குழாய் வழி உணவு வேண்டாம்.
நுரையீரலில் சளி கட்டினால்
வலிக்கு மருந்து, காய்ச்சல் அதன் போக்கில்.
மளிகைப் பட்டியல் போல எழுதினாள்.
ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே:
*கரண்டி வரும்போது நான் வாயை மூடினால்
அது பிடிவாதம் அல்ல, பதில்.*

அப்புறம் கொஞ்சம் நிறுத்தி,
"கஸ்டர்ட் கேட்டால் கொடுங்கள் என்று சேர்க்கட்டுமா?"

உனக்குத்தான் கஸ்டர்ட் என்றாலே குமட்டுமே.

"எனக்குத்தான். அவளுக்கு இல்லை."
யாருக்கு?
"வரப்போகிறவளுக்கு.
என் உடம்பில் குடியேறுவாள், என்னைக் கேட்காமல்.
அவளுக்கும் ஒரு நாக்கு இருக்கும்.
என் கையெழுத்தைக் காட்டி அவளை மிரட்டாதே."

சரி, நீயும் அவளும் வேறு வேறு சொன்னால்?
எப்போதிலிருந்து இந்தக் காகிதம் பேசும்?
என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால்
படகுக்காரனுக்கு என்ன அர்த்தம்?"

இன்னும் இல்லை. ஆனால் ஆயத்தமாக இரு.

"அதுதான்," என்று பக்கத்தைத் திருப்பினாள்.

*எனக்காகப் பேசுபவர்*, கீழே ஒரு வெற்றுக்கோடு.
நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.
நாற்பத்து மூன்று வருடத்தில்
அவள் பெயருக்கு அடுத்த இடத்தில்
வேறு பெயர் இருந்ததில்லை.
அவள் எழுதினாள்: ஹிஸ்கா.

அவள் தங்கை.
அப்பாவின் படகை விற்ற சண்டையில்
ஆறு வருடம் நம் வாசல் மிதிக்காதவள்.

"மொல்லை நினைத்துப் பார்," என்றாள்.
எங்கள் நாய். பின்னங்கால்கள் போன பிறகும்
ஒரு குளிர்காலம் முழுக்கத்
துண்டில் ஏந்தி வெளியே கொண்டுபோனேன்.
"அந்தக் குளிர்காலம் உனக்காக. மொல்லுக்காக இல்லை."

நான் எழுந்து கொட்டகைக்குப் போனேன்.
சரியாகவே இருந்த சைக்கிள் சங்கிலிக்கு
எண்ணெய் போட்டேன். இரண்டு முறை.

திரும்பி வந்தபோது அவள் கண்கள்
மழைக்குப் பின்னால் எங்கோ இருந்தன.
"யார் பெயரை எழுதினோம்?" என்றாள்.

பேனா மேசைமேல்தான் கிடந்தது.
இன்னொரு வெற்றுப் படிவமும் உறையில் இருந்தது.
சொல்ல வேண்டியது இரண்டே எழுத்து: நான்.

ஹிஸ்கா, என்றேன்.

"ஹிஸ்காவா?" முதல்முறை கேட்பவள் போல யோசித்தாள்.
பிறகு சிரித்து, என் கையைத் தட்டினாள்:
"நல்லதாய்ப் போயிற்று.
உன்னால் முடியாது, பாவம் நீ."

ஒரே நாளில் இரண்டு முறை
என்னை விலக்கிவைத்தாள்.
இரண்டாவது முறைக்கு எந்த ஞாபகத்தின் உதவியும் இல்லை.

சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மாலையில் ஹிஸ்காவுக்குப் போன் செய்து
எல்லாவற்றையும் வாசித்தேன், ஓரக்குறிப்பு உட்பட.
மறுமுனையில் வெகுநேரம் மூச்சு மட்டும்.
"கஸ்டர்ட்," என்றாள் கடைசியில்,
"அக்காவா சொன்னாள்?"
ஆமாம்.
"வனிலாவா?"

தெரியவில்லை, என்றேன்.
வந்து கேள்.
காலையில் வா. பதினொரு மணிக்கு முன்னால்.